பத்தடியில் தண்ணீர்

எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டில் என்ன குழம்பு என்பது அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்படியிருக்க, டெல்பின் மத்தியானமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் என்ன பார்க்கிறாள் என்பது மட்டும் தெரியாமல் போகுமா? சீரியல் என்றார்கள் சிலர். மகள் பிரான்சிக்கு மாப்பிள்ளை தேடுகிறாள் என்றாள் எதிர்வீட்டு பாக்கியமேரி. கடைசியில், அவள் பார்ப்பது பாறை என்று தெரிந்தபோது தெருவுக்கே ஏமாற்றமாகப் போய்விட்டது.

வயநாட்டில் மலை சரிந்து ஊரை வாரிக்கொண்டு போன செய்தியைப் பார்த்தவள், மலை ஏன் சரிகிறது என்று தேடப்போய் அப்படியே உள்ளே இறங்கிவிட்டாள். அரசாங்கம் நடத்தும் இலவச இணையப் பாடத்தில் சேர்ந்தாள். ஆங்கிலம் தட்டுகிற இடத்தில் தமிழில் விளக்கும் சேனல் ஒன்றைப் பிடித்துவைத்திருந்தாள். பூமி எங்கெங்கே ஆடியது என்று புள்ளி வைத்துக் காட்டும் தளத்தைக் காலையில் காபியோடு பார்ப்பாள். பிள்ளைக்குக் கல்யாண வயசு, இவளுக்கு ஆன்லைன் பரீட்சை. பாக்கியமேரி 'பூகம்ப டீச்சர்' என்று பேர் வைத்தாள்; பேர் ஒட்டிக்கொண்டது. காய்கறி வண்டியில் யாராவது, டீச்சர் இன்றைக்கு எங்கே ஆடியது என்று கேட்டால், இந்தோனேசியா என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பாள். அவ்வளவு அழுத்தம்.

கணவர் அருள்நாதனுக்கும் இதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை, நிலம் வாங்கக் கிளம்பும்வரை. போர் போட்டால் காற்று மட்டும் வருகிற தெருவில், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடியே அவருக்குத் தலை நரைத்திருந்தது. ரிட்டயர் ஆன கையோடு, வந்த காசை எல்லாம் போட்டு, தண்ணீர் இருக்கிற இடத்தில் ஒரு வீடு. வாழ்நாளில் வாங்கப்போவது அது ஒன்றுதான். அந்த ஆசையோடு இருந்தவரைப் புரோக்கர் பாலு நேரே ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரம் பவளமல்லி நகருக்குக் கூட்டிப்போனான். அங்கே பத்தடியில் தண்ணீர். கிணற்றில் வாளியை விட்டு மொண்டு குடித்தவர், மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளாததுதான் பாக்கி.

"பக்கத்துல திருவானைக்காவல்ல சாமியே தண்ணியிலதான் இருக்காரு சார்," என்றான் பாலு. "இங்க பஞ்சமா வரப்போகுது?"

டெல்பின் செருப்பு நுனியால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பருமணல். அதில் உடைந்த சிப்பி ஒன்று. இது எப்படி வந்தது என்று கேட்டாள். ஆற்று மண்தான் அக்கா, தென்னை வைத்தால் காய்த்துக் கொட்டும் என்றான் பாலு.

"மண்ணைக் கொண்டாந்து போட்ட ஆறு, திரும்ப வராதா தம்பி?"

கரை போட்டிருக்கிறார்கள் என்று அவன் சிரித்தான். அருள்நாதனும் சிரித்துவிட்டு, அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தாள். வருஷங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் கோடையில் ஊரே வெளிறிக் கிடக்க, மனையைச் சுற்றி மட்டும் அரிவாள் வளைவில் ஒரு பச்சை. ஆறு ஒரு காலத்தில் ஓடிய தடம். வெள்ளம் வந்த வருஷத்துப் படத்தில் அதே வளைவு பழுப்பாக நிரம்பியிருந்தது. அருள்நாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, அது மேகத்தின் நிழல் என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்தார். ஆனால் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு காரியம் செய்துவிட்டார். பெண்கள் பேரில் பத்திரம் போட்டால் பதிவுக் கட்டணத்தில் சலுகை என்று பாலு சொல்ல, டெல்பின் பேரையே எழுதச் சொன்னார். பொண்டாட்டி பேரில் இடம் வாங்குகிற மனுஷன் என்று தெருவே மெச்சியது.

பதிவாளர் அலுவலகத்துக்கு டெல்பின் கோயிலுக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். பேனாவை நீட்டினார்கள். அவள் கைப்பையிலிருந்து அந்தச் சிப்பியை எடுத்துப் பத்திரத்தின் மேல் வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போடலைங்க."

 அருள்நாதன் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார். "நாலு வீடியோவைப் பாத்துட்டு என் மானத்தை வாங்குறியா?"

"வீடியோ இல்லைங்க, படிச்சேன். நான் படிச்சது தப்பாவும் இருக்கலாம். ஆனா என் பேருக்கு நான்தானே பொறுப்பு? உங்க பேர்ல வாங்குங்க. நான் குறுக்க நிக்கலை."

எல்லோரும் அருள்நாதனைப் பார்த்தார்கள். பத்திரத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தால் ஆயிற்று. சலுகை போய்விடுமே என்றுதான் மனுஷன் பின்வாங்கினார் என்று தெரு இன்றுவரை சொல்கிறது. டெல்பின் பார்த்தது வேறு. அவர் சிப்பியைக் கையில் எடுத்தார், விரலால் மணலைத் துடைத்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். பிறகு அங்கே போகவேயில்லை.

அட்வான்ஸ் போயிற்று. வீட்டில் பல நாள் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. படித்த திமிர் என்றது தெரு. அவள் அந்த வாரப் பரீட்சையையும் எழுதினாள்.

அந்த மனையைப் பாக்கியமேரியின் தம்பி ஜோஸ் வாங்கினான். வீடும் கட்டினான். மழைக்காலம் ஒன்று வந்து போயிற்று. கொள்ளிடம் கரைக்குள்ளேயே ஓடியது. சாமியார் வந்து ஜெபித்துப் புதுவீட்டை மந்திரிக்கும் விசேஷத்துக்குத் தெருவே போனபோது, டெல்பின் வரமாட்டாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முதல் பந்தியிலேயே வந்து உட்கார்ந்தாள்.

பாக்கியமேரி பிரியாணிக் கரண்டியோடு வந்து, பந்தி முழுக்கக் கேட்கிறாற்போல் சொன்னாள். "டீச்சர், கால் நனையுதான்னு பாத்துக்கங்க."

பந்தியே சிரித்தது.

"இன்னும் வரலைக்கா," என்றாள் டெல்பின், இலையை இழுத்து நேராக்கிக்கொண்டே. "ஆத்துக்கு என்ன அவசரம்? கறி கொஞ்சம் வைங்க."

கை கழுவப் போகையில் ஜோஸிடம் மட்டும், கரண்ட் போர்டை இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறாயே, ஏற்றிவிடு என்று சொன்னாள். அவனும் சிரித்தான். மறுவாரம் எலக்ட்ரீஷியன் வந்து அதைக் கூரைக்குக் கிட்டே ஏற்றியது அக்காக்காரிக்கு இன்னும் தெரியாது.

 கிளம்பும்போது அருள்நாதன் அங்கேயிருந்த கிணற்றில் இரண்டு கேன் தண்ணீர் பிடித்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டார். சாயங்காலம் டெல்பின் அதில்தான் காபி போட்டாள். பிரமாதமாக இருந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை என்று அவள் எந்தக் காலத்தில் சொன்னாள்? தம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த பாடத்தைத் திறந்தாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.