மாட்டுக் கட்டை

1938 ஆகஸ்ட் 9, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. மாலை வகுப்பில் பாவாயி இடத்தைவிட்டு எழுந்தது பதினான்கு முறை என்று எழுதியிருக்கிறேன். பதிமூன்றுதான். ஒரு முறை, விளக்குக்கு எண்ணெய் ஊற்ற நானே அவளை அனுப்பினேன். இப்போது அடித்துத் திருத்திவிட்டேன். ஆனால் அந்தப் பதினான்கு இன்று காலையிலேயே நோட்டைவிட்டு வெளியே போய்விட்டது.

மலைமேல் இருக்கும் இந்த ஆலத்தூர் நாட்டுக்கு நான் வந்து ஏழு மாதம் ஆகிறது. மாலை வகுப்பு என் பொறுப்பு. பகல் பள்ளியும் என்மீது அதிகாரமும் அர்த்தனாரி வாத்தியாருக்கு. பாவாயிக்கு ஒன்பது வயது. பகலெல்லாம் சாமைக்காட்டில் கிளி ஓட்டிவிட்டு வருகிறாள். பலகையில் இரண்டு எழுத்து எழுதுவாள். மூன்றாவது எழுத்துக்குள் கதவருகே நிற்பாள், இல்லையென்றால் அடுத்தவள் சடையைப் பிரித்துக்கொண்டிருப்பாள்.

அடிக்க எனக்கு மனம் வரவில்லை. எப்போது எழுகிறாள், எதைப் பார்த்து எழுகிறாள் என்று தெரிந்தால் வழி ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதமாகக் கோடு போட்டு எண்ணி வந்தேன். அந்த நோட்டை மேசைமேல் விட்டுப் போனது என் இரண்டாவது பிழை.

அர்த்தனாரி அதை எடுத்து, பாவாயியின் அப்பா பொங்கியண்ணனை வரவழைத்து வாசித்துக் காட்டினார்.

"பதினாலு தடவை! நான் சொல்லலப்பா, சின்ன வாத்தியாரே கைப்பட எழுதியிருக்காரு. இது புள்ளையா, கொரங்கா?"

"காத்துச் சேட்டைங்க. பூசாரிகிட்ட ரெண்டு வாட்டி மந்திரிச்சும் பாத்துட்டனுங்க."

"மந்திரமெல்லாம் எதுக்கு? நான் படிச்ச எடத்துல கால்ல கட்டை போட்டாங்க. நான் உக்காரலியா? ஓடற மாட்டுக்கு நீங்க கட்டறதில்லையா?"

"கட்டை ஊட்லயே கெடக்குதுங்க. செவலைக்குக் கழுத்துல புண்ணு வந்துருச்சுன்னு நேத்துத்தான் அவுத்தனுங்க. வாயில்லாச் சீவன், பாவமுங்க."

நான் அங்கேயே நின்றிருந்தேன். "பதினாலு இல்லீங்க, பதிமூணு" என்றேன்.

"ஒண்ணு கொறஞ்சா உத்தமியாயிடுவாளாக்கும்?" என்று அர்த்தனாரி சிரித்தார். பொங்கியண்ணனும் சிரித்தார்.

மாலையில் பாவாயி கட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். முழங்கை நீளம் இருக்கும். வலது கணுக்காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டையில் மாட்டு மயிர் ஒட்டியிருந்தது.

ஆகஸ்ட் 12, வெள்ளி

பாவாயி எழுந்தது: செவ்வாய் 0, புதன் 0, வியாழன் 0.

அர்த்தனாரிக்கு ஏகத் திருப்தி. "பாத்தீங்களா, உங்க கணக்கே சொல்லுது. இன்ஸ்பெக்டர் வந்தா இந்தப் பக்கத்தைக் காட்டணும்" என்றார்.

கணக்கில் இல்லாததை இங்கே எழுதுகிறேன். மூன்று நாளும் அவள் பலகையில் ஓர் எழுத்துக்கூட இல்லை. 'ஆறேழு எவ்வளவு?' என்று கேட்டால் காலைப் பார்க்கிறாள். திங்கட்கிழமை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது இதே கேள்விக்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாப்பத்திரண்டுங்க" என்றவள் இவள். அந்தப் பதிலை நான் எழுதவில்லை. எழுந்ததற்குக் கட்டம் போட்டேன்; பதிலுக்குக் கட்டம் போடவில்லை.

இன்று மதியம் பாவாயி வீட்டுச் சாமைக்காட்டுக்குப் போனேன். பாவாயி தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடிக்கொண்டிருந்தாள். காலில் கட்டை இல்லை.

"கட்டை எங்கீங்க?" என்று அவள் அம்மா நஞ்சம்மாளைக் கேட்டேன்.

"கட்டையோட கிளி ஓட்ட முடியுங்களா? பகல்ல அவுத்துருவோம், சாயங்காலம் மாட்டி அனுப்பறோம். ஓடறதுக்கு ஒருத்தி, உக்காரறதுக்கு ஒருத்தின்னு ரெண்டு புள்ளையா பெத்து வெச்சிருக்கறேன்?"

"இங்க ஓடறது பரவால்லீங்களா?"

"இங்க இவளாட்ட ஆருங்க இருக்கறா? நாலு ஆளு வேலை பாப்பா."

"அப்ப இங்க காத்துப் புடிக்கறதில்லீங்களா?"

நஞ்சம்மாள் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தார்.

காட்டோரத்தில் பொங்கியண்ணன் செவலையின் கழுத்துக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ஆறிருச்சுங்க, பாருங்க" என்று சந்தோஷமாகக் காட்டினார். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மீதி இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், பாவாயியின் கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்திருந்த இடத்தில் தடவினேன்.

"இது மாட்டு மருந்துங்க!" என்று சிரித்தாள். எரிந்திருக்க வேண்டும், உடனே காலை இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஏனுங்க, எனக்கு இன்னிக்கும் சைபர்தானுங்களா? சைபர் நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

அதற்குள் கிளிக் கூட்டம் இறங்கிவிட்டது. தகரத்தோடு ஓடினாள்.

மாலையில் கட்டையோடு வந்து உட்கார்ந்தாள். இன்றும் 0 என்று எழுதினேன்.

கயிற்றில் இருப்பது சாதாரண முடிச்சுதான். நான்கு மாலையும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. "அதை அவுத்தீங்கன்னா நாளைக்கே வகுப்பு உங்களுக்கு இல்ல, முள்ளுக்குறிச்சிக்கு மூட்டை கட்டிக்கலாம்" என்று அர்த்தனாரி முதல் நாளே சொல்லியிருக்கிறார். முள்ளுக்குறிச்சியில்தான் என் வீடு. நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டேன். பயந்தேன் என்பதுதான் சரி.

நாளை: மாலை ஐந்தரைக்கே வாசலில் நிற்க வேண்டும். பாவாயி உள்ளே வருமுன் கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டை எல்லாரும் நின்றுகொண்டே சொல்ல வேண்டும். நோட்டில் பதிலுக்கு ஒரு கட்டம் போட வேண்டும்.