பாத்திரம் கழுவும் சட்டம்

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து நெருக்கி உட்காருங்கள். உட்காருவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று ஒரு கதை வைத்திருக்கிறேன். கதையில் முக்கால்வாசி நேரம் அதன் நாயகர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

அவர் சோபாக்காரர். பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு அடைத்து, புதுத் துணி போர்த்திக் கொடுப்பார். துணி தைப்பது அவர் மனைவி. தையலம்மா என்றுதான் தெருவே கூப்பிடும். முன்னறை பட்டறை, பின்னறை வீடு. நடுவில் கதவு கிடையாது. வேலைக்கும் சண்டைக்கும் நடுவிலும் கிடையாது.

ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒரு எண் ஏறிவிட்டது. புரோஸ்டேட்டில் கொஞ்சம் சதை எடுத்து, புற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி அது. அங்கே போகும் வழி எது என்று என்னைக் கேட்காதீர்கள். சோபாக்காரர் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். அவருக்குப் பழக்கமான சத்தம். துணியை மரச்சட்டத்தோடு சேர்த்து அறைகிற அவருடைய பின் துப்பாக்கியும் இதே 'டக்'தான் போடும்.

"டாக்டர், எடுக்கிறீங்களா, இல்ல பின் அடிச்சு மூடுறீங்களா?" என்று கேட்டாராம். டாக்டர் சிரிக்க, கை ஆடப் போகிறதே என்று நர்சம்மா இரண்டு பேரையும் சேர்த்து அதட்டினாராம்.

முடிவு வரக் கொஞ்ச நாளாகும், போனில் சொல்கிறோம் என்று பட்டறை நம்பரையும் தையலம்மா நம்பரையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க இருவருக்கும் அதே பேச்சு. இப்படி இருந்தால் என்ன, அப்படி இருந்தால் என்ன, பட்டறையை யார் பார்ப்பது. சாப்பாடு ஆறியது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மறுநாள் காலையில் தையலம்மா ஒரு சட்டம் போட்டாள்.

"இனிமே அந்தப் பேச்சை யாரு முதல்ல எடுக்கிறாங்களோ, அன்னிக்குப் பாத்திரம் பூரா அவங்க கழுவணும்."

"நான் குத்துப்பட்டு வந்தவன்."

"குத்தினது கையிலயா?"

அன்றிலிருந்து ஒருவர் வாயை ஒருவர் பிடுங்குவதே பிழைப்பாகிவிட்டது. அவர் தையல் மிஷினைச் சாய்ந்து நின்று, "இந்த வாரம் என்னமோ வரணும்னு சொன்னியே, என்னது அது?" என்பார். "பச்சை நூல்கண்டு," என்பாள் அவள், தலை நிமிராமல். பிறகு பின்னறைக்குப் போய், தன் செல்போனில் இருந்து பட்டறைப் போனுக்கு அடிப்பாள். அவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து எடுப்பார்.

"ஆஸ்பத்திரிங்களா?"

"ஆமாங்க. பாத்திரம் கழுவுற பிரிவு."

தையலம்மாவின் தம்பி வண்டியோட்டி. சோபாக்களை ஏற்றிக்கொண்டு போவது அவன்தான். அவன் காதில் விழுந்தது மூன்று தெரு சுற்றாமல் அடங்காது என்பதால், அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏன் மாமா நின்னுக்கிட்டே சாப்பிடுறீங்க?"

"சோபாவெல்லாம் கஸ்டமருது மாப்ள."

"பாத்திரமும் நீங்களா கழுவுறீங்க? அக்கா, மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லடா. இப்பதான் புத்தி வந்திருக்கு."

ஆனால் பாருங்கள், சோபாக்காரர் பின் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் ஆணியும் சுத்தியலும்தான். தையலம்மா அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. அவள் தைத்த தையலின் மேலேயே மறுபடி தைத்துக்கொண்டிருந்ததை அவரும் கவனித்தார். கேட்டால் பாத்திரம் கழுவ வேண்டுமே.

ஒரு நாள் வழக்கம்போல அவர் காலையிலேயே தோற்றிருந்தார். "போன்ல சார்ஜ் இருக்கா?" என்றது குற்றமாம். தொட்டி நிறையப் பாத்திரம் காத்துக் கிடந்தது. அப்போது தையலம்மாவின் செல்போன் அடித்தது.

"சரிங்க டாக்டர்... சரிங்க... புரியுதுங்க."

போனை மிஷின் மேல் கவிழ்த்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே போய், குழாயைத் திறந்து, பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

சோபாக்காரர் அவளையே பார்த்தார். சீட்டாட்டத்தில் காய்ச்சல்காரனுக்குக்கூட விட்டுக்கொடுக்காதவள் அவள். அவளே இரக்கப்படுகிறாள் என்றால் சேதி எப்படிப்பட்டதாக இருக்கும்? பிரித்துப் போட்டிருந்த சோபாவின் வெறும் ஸ்பிரிங் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"விடும்மா. அது என் முறை."

"இருங்க."

கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பேச்சை நான் எடுத்தா நான்தானே கழுவணும். அதான் முதல்ல கழுவிட்டேன். இப்ப சொல்லலாம்."

சொல்லு என்று தலையாட்டினார் அவர்.

"இருக்கு. சின்னதா ஒண்ணு இருக்கு. ஆனா அது ரொம்பச் சோம்பேறியாம். இப்ப கத்தியும் வேணாம், மருந்தும் வேணாம்ங்கிறாரு. அப்பப்ப ரத்தம் குடுத்து, அசையுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

"சோம்பேறியா?"

"உங்க உடம்புல வளந்தது வேற எப்படி இருக்கும்?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"அப்ப இன்னும் காத்துக்கிட்டேதான் இருக்கணும்."

"ஆமா. வருஷக்கணக்கா."

"அந்தச் சட்டம்?"

"அதுவும் இருக்கும். இப்ப காத்திருக்கிற பேச்சை யாரு எடுத்தா? சாயங்காலப் பாத்திரம் உங்களுது."

அப்போதுதான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. துள்ளி எழுந்தார். மூலையில் கிடந்த பின் துப்பாக்கியை எடுத்துத் தூசி ஊதினார். துணியை இழுத்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

டக்.

இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

போய் வாங்க செல்லங்களா. உங்கள் வீட்டுப் போன் நல்லதையே பேசட்டும். உட்காருகிற இடமெல்லாம் மெத்தென்று இருக்கட்டும். கழுவுவது யார் முறையாக இருந்தாலும், உங்கள் தொட்டியில் எந்நாளும் ஒன்றுக்கு மேற்பட்ட தட்டு கிடக்கட்டும்.