செவ்வாய்க்கிழமை ஆள்

விளக்குமாறு வைத்த இடத்திலேயே நின்றது. சைக்கிளை விட்டு இறங்க முதலே செபநாயகம் அதைக் கண்டுவிட்டார். போன செவ்வாய்க்கிழமை கூட்டி முடித்து, வாசலின் வலது பக்கச் சுவரில் சாத்தி வைத்தவர் அவர்தான். இன்று அது இடது பக்கம் நின்றிருக்க வேண்டும்.

கொழும்புத்துறைக் கரையில் கண்டல் பற்றைகளுக்கு அப்பால் இருக்கிறது அந்தச் சமாதி. நாலு சுவர், மேலே ஓடு. எந்தக் காலத்திலோ கரையொதுங்கிய ஒரு பெரியவர் உள்ளே அடங்கியிருக்கிறார். முஸ்லிம் சனங்களுக்கு அவர் அவுலியா அப்பா, கத்தோலிக்கருக்குச் சந்நியாசியார். தலைமாட்டு மாடத்தில் வியாழக்கிழமைகளில் அவர்களுடைய எண்ணெய் விளக்கு, கால்மாட்டு மாடத்தில் செவ்வாய்க்கிழமைகளில் இவர்களுடைய மெழுகுதிரி. அவரவர் நாளில் அவரவர் வந்து போவார்கள். மற்றவர் மாடத்தில் கை வைப்பதில்லை.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டு அனுப்பிய பிறகு தலைமாட்டு மாடம் இருண்டு கிடந்தது. சண்டையோடு கத்தோலிக்கரும் வரவரக் குறைந்து, கடைசியில் செபநாயகமும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் மனைவி போய்ச் சேர்ந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை தனியாக வந்தவர், தலைமாட்டு மாடத்தில் புதிய திரிக்கரியைப் பார்த்தார். சண்டை முடிந்து ஊர் திரும்பிய முஸ்லிம் சனங்களில் யாரோ வந்துபோயிருக்க வேண்டும். விளக்குமாறு இடது பக்கம் மாறியிருந்தது. அவர் கூட்டிவிட்டு வலது பக்கம் வைத்தார். அடுத்த கிழமை அது மறுபடி இடது பக்கம் நின்றது.

அதன் பிறகு ஒன்பது வருஷமும் அப்படியே போனது. ஆளை அவர் கண்டதில்லை. தன்னைப்போல வயதுபோன ஒரு மனிசன் என்று தானே முடிவு செய்துகொண்டார். கூட்டும்போது அந்த மனிசனோடு முழங்கால் வருத்தத்தைப் பற்றிக் கதைப்பார், உப்புக்காற்றில் திரி நிற்காததைச் சொல்லிக் குறைப்படுவார். வீட்டில் கதைக்க யாருமில்லை. ஒரே மகள் பிரதீபா கனடாவில். அவருக்கு விசா எடுத்துவிட்டு, பிளேன் ரிக்கெற் போடட்டுமா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார், நாயை யார் பார்ப்பது என்றார். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. இந்த ஊரில் தான் ஒரு கிழமை வராவிட்டால் அறிந்துகொள்ள ஓராள் இருக்கிறது. கனடாவில் அப்படி யார்?

அடுத்த செவ்வாய்க்கிழமையும் விளக்குமாறு அசையவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு போனார். ஒருவரும் வரவில்லை. பொழுது சாய்ந்தபோது, ஒருநாளும் கை வைத்திராத தலைமாட்டு மாடத்தில் தானே திரி போட்டு விளக்கேற்றினார். விரலைச் சுட்டுக்கொண்டார். போகும்போது விளக்குமாற்றை இடது பக்கம் சாத்திவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை தூரத்தில் வரும்போதே அது இடது பக்கம் நிற்பது தெரிந்தது. முழங்காலையும் மறந்து சைக்கிளை உழக்கினார். அதைக் கையில் எடுத்த பிறகுதான், வைத்தது தானே என்ற நினைவு வந்தது. வாசற்படியில் நெடுநேரம் குந்தியிருந்தார். அன்று பின்னேரமே மகளுக்குப் போன் எடுத்து, ரிக்கெற்றைப் போடச் சொன்னார்.

போகுமுன் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று பட்டது. வியாழக்கிழமை காலை, முஸ்லிம் சனங்கள் இருக்கும் சோனகதெருவுக்குப் போய், முதலில் கண்ட பலசரக்குக் கடையில் நின்றார். கரையோரச் சமாதிக்கு வியாழக்கிழமைகளில் வருகிறவரிடம், இனிச் செவ்வாய்க்கிழமைகளில் ஆள் வராது என்று சொல்லிவிட முடியுமா என்று கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே ஐயா அந்தச் செவ்வாய்க்கிழமை ஆள்?"

"ஓம் தம்பி."

"உங்களைத் தேடாத இடமில்லை. பேர் தெரியாது, செவ்வாய்க்கிழமை ஆள் எண்டு சேர்ச்சிலை போய்க் கேட்டால் சிரிக்கினம். வியாழக்கிழமை போறது எங்கடை மாமி. விழுந்து கால் முறிஞ்சு, மகள் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டா."

மாமி என்ற சொல்லில் செபநாயகத்தின் முகம் சூடாகியது. ஒன்பது வருஷமாக ஒரு பொம்பிளையிடமா முழங்கால் வருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்?

"நடக்கத் தொடங்கின உடனை வாறாவாம். அதுவரைக்கும் விளக்குமாத்தை உங்கடை பக்கத்திலையே விடட்டாம். வந்து பாக்கேக்கை நீங்கள் வந்து போறது தெரியவேணுமாம்." கடைக்காரர் சிரித்தார். "முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லியும் சொன்னவ. மணலிலை வலது காலை இழுத்த தடம் கிடக்குமாம்."

செபநாயகம் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பின்னேரம் தலைமாட்டு மாடத்தில் விளக்கை ஏற்றி, விளக்குமாற்றை வலது பக்கம் சாத்தினார். கரையில் ஒரு குருவிகூட இல்லை. மகளுக்கு எடுத்தார். அங்கே காலை, வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

"ரிக்கெற்றைப் பிந்திப் போடு பிள்ளை."

"எவ்வளவு நாள் அப்பா?"

"வயதுபோன ஆக்களுக்குக் கால் முறிஞ்சால், பொருந்த எவ்வளவு நாள் செல்லும்?"

"ஆருக்குக் கால் முறிஞ்சது?" பிரதீபாவின் குரல் பதறியது.

செபநாயகம் மாடத்தில் ஆடும் சுடரைப் பார்த்தார்.

"பேர் கேக்கேல்லை" என்றார்.