தலை இருக்கா பாரு

நூற்றுப் பன்னிரண்டாவது படத்திலும் மருந்து பாட்டில்தான் பளிச்சென்று இருந்தது. சின்னவன் அடுத்ததைத் தட்டினான். மறுபடி பாட்டில். லேபிளில் இருந்த பொடி எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது: குலுக்கிவிட்டுக் குடிக்கவும், வெளிச்சம் படாமல் வைக்கவும். பாட்டிலுக்குப் பின்னால், தலையணையில், வெளிறிய வட்டம் ஒன்று கலங்கலாகத் தெரிந்தது. அதுதான் அக்கா.

மாடியில் அக்கா துணி இஸ்திரி போடும் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இஸ்திரி மேசைமேல் லேப்டாப். கீழே கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அக்கா நேற்றுக் காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள். இன்று இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் கூடத்து மேசையில் வைக்க ஒரு படம் வேண்டும். பதினொன்றுக்குள் அனுப்பினால் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவதாக ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். இப்போது மணி பத்தேகால்.

படத்துக்கு அலைய வேண்டாம் என்று சொன்னதே அத்தான்தான். "மாப்ள ஞாயித்துக்கிழம பூரா எடுத்தானே! இருநூறு இருக்கும். அதுல ஒன்னு எடுத்துக்கலாம்." அந்தத் துக்கத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தின கல்யாணப் படத்தை விட்டால், அந்த வீட்டில் அக்காவுக்கு மேசையில் வைக்கிற மாதிரி வேறு படமே கிடையாது. குடும்பத்துப் படங்களை எல்லாம் எடுத்தவள் அவள். எடுப்பவள் படத்தில் எப்படி இருப்பாள்? அதிலும் அக்கா எடுத்தால் யாருக்கும் தலை இருக்காது. கழுத்தோடு வெட்டிவிடுவாள். கல்யாணமோ பிறந்தநாளோ, ஆல்பத்தைத் திறந்தால் வரிசையாகத் தோளும் கழுத்தும்தான். அத்தானுக்கு முடி கொட்டியது எந்த வருஷம் என்று அந்த ஆல்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது என்று வீட்டில் கேலி பேசுவார்கள்.

சின்னவன் படம் எடுப்பதில் கெட்டிக்காரன். பிழைப்பே அதுதான். புதிதாக வரும் லென்ஸ்களை மாட்டிப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று ஒரு இணைய இதழில் எழுதுகிறான். இந்த வாரம் வந்தது ஒரு வேக ஜூம். மங்கலான இடத்திலும் நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் ரகம். கையில் எடுத்தால் செங்கல் கனம். படம் பதிகிற சில்லு, அதாவது சென்சார், பெரிதாக உள்ள கேமராவுக்கென்று செய்தது. சின்ன சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் இதை வாங்கி மாட்டலாமா, கூடாதா? வாசகர்கள் கேட்ட கேள்வி அது. வியாழக்கிழமைக்குள் தீர்ப்பு சொல்லிவிட்டு லென்ஸைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சோதனைக்கு ஒரு சின்ன அறை தேவைப்பட்டது. ஒரே ஜன்னல், மங்கலான ஒரு விளக்கு, அசையாமல் இருக்கும் ஓர் ஆள். அவனுக்குத் தெரிந்து அப்படி ஒரு அறைதான் இருந்தது.

சீ என்றிருந்தது. ஆனால் நடந்தது அதுதான். ஆறு வாரமாக அக்கா போன் செய்துகொண்டிருந்தாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போடா." ஒவ்வொரு முறையும், "வேலை தலைக்கு மேல இருக்குக்கா, அடுத்த வாரம் கண்டிப்பா" என்றான். சனிக்கிழமை அவனாகவே கூப்பிட்டு, "நாளைக்கு கேமராவோட வர்றேன்" என்று சொன்னபோது, மறுமுனையில் அவள் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது: "தம்பி என்ன போட்டோ எடுக்க வர்றானாம்!" இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை.

ஞாயிறு அவன் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையைப் படிய வாரி, தபால் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் நீல ஸ்வெட்டரை மாட்டியிருந்தாள். உடம்பு இளைத்ததில் அது தோளில் நிற்காமல் வழிந்தது.

"எங்கடா பாக்கணும்?"

"எங்கயும் பாக்க வேணாம்க்கா. நீ பாட்டுக்கு இரு."

அவன் மருந்து பாட்டிலை மேசை நுனிக்கு நகர்த்தினான். எழுத்து உள்ள பொருளை எடுத்துப் பார்த்தால்தான் லென்ஸின் கூர்மை சரியாகத் தெரியும். அடுத்து ஜன்னல் கம்பியின் ஓரத்தில் ஊதா நிறம் கசிகிறதா என்று பார்த்தான். பிறகு சுவர்க் காலண்டரின் எண்கள். அறை முழுவதையும் எடுக்கப் பார்த்தபோது அடங்கவில்லை. இந்த லென்ஸைச் சின்ன சென்சாரில் மாட்டினால் சுற்றிலும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும்தான் பதியும். எல்லாம் வர வேண்டுமானால் எடுக்கிறவன் பின்னால் போக வேண்டும். அவன் போனான். அலமாரி முதுகில் இடித்தது. வாசற்படிக்குப் போனான். கடைசியில் அறையை விட்டே வெளியே போய் நடையில் நின்றான்.

"ஏன்டா அவ்ளோ தூரம் போற? எனக்கென்ன ஒட்டுவாரொட்டியா?"

"இந்த லென்ஸ் அப்படிக்கா. என் கேமராவுல மாட்டினா ஓரத்தையெல்லாம் வெட்டிடும்."

"நானும் அப்படித்தானடா வெட்டுவேன். என்ன மட்டும் ஏன் கேலி பண்றீங்க?"

அவன் சிரித்துவிட்டு, "சிறிய அறை: பின்வாங்க இடம் தேவை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அக்கா அந்த ஒன்றரை மணி நேரமும் ஸ்வெட்டரை இழுத்து இழுத்துச் சரிசெய்தபடி, கேமரா எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "மாப்ள, கெடச்சுதா?"

"கார்டுல ஏதோ பிரச்சனை அத்தான். பாத்துட்டிருக்கேன்."

"உனக்குத் தெரியாததா? மெதுவா பாரு. டீ குடிச்சியா?"

"குடிச்சேன்."

குடிக்கவில்லை. கார்டிலும் பிரச்சனை இல்லை. அத்தானின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

நூற்று முப்பதிலிருந்து ஜன்னல் கம்பி. நூற்று அறுபதிலிருந்து காலண்டர். ஒரு படத்தில் அக்காவின் காது மட்டும் தெளிவாக இருந்தது, அதுவும் தற்செயலாக. இருப்பதில் தேவலாம் என்ற ஒன்றை எடுத்து மென்பொருளில் போட்டுக் கூர்மையாக்கிப் பார்த்தான். கண் இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரவென்று ஏதோ வந்தது. அவசரமாக மூடினான்.

போனில் இதழாசிரியரின் செய்தி வந்தது. துக்கம் கேள்விப்பட்டேன், மிகவும் வருந்துகிறேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும், தீர்ப்பில் மாற்றம் ஏதும் உண்டா, நாளை போடுகிறோம். ஞாயிறு மாலை வீட்டுக்குப் போன சூட்டிலேயே அவன் எழுதி அனுப்பிய தீர்ப்பு கீழே ஒட்டியிருந்தது: "மங்கலான அறையிலும் நமக்கு வேண்டியவர்களின் முகத்தை அப்படியே பிடித்துத் தருகிறது. சின்ன சென்சார்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."  போனைக் கவிழ்த்து வைத்தான்.

தட்டாமலே கதவைத் திறந்துகொண்டு அக்கா மகள் வந்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் காலையிலிருந்து வீட்டில் எல்லா வேலையும் அவள் தலையில்தான். "ஸ்டூடியோல இருந்து ரெண்டு தடவ கூப்ட்டாங்க மாமா. எது அனுப்பட்டும்?"

லேப்டாப்பை மூடத்தான் கை போனது. அதற்குள் அவள் பக்கத்தில் வந்து குனிந்துவிட்டாள். அவளே படங்களைத் தள்ளினாள். பாட்டில், பாட்டில், கம்பி, காலண்டர், கம்பி.

"அம்மா எங்க மாமா?"



அவள் ஆரம்பத்துக்குப் போய் மறுபடி வேகமாக ஒரு முறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அன்னிக்கு காலைல அம்மா வலி மாத்திரை வேணாம்னுட்டாங்க. போட்டா கண்ணு சொருகிடும், போட்டோல நல்லா இருக்காதுன்னு." கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைக்காரரிடம் விலாசம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான்."

அவன் இஸ்திரி மேசையின் துணியில் கருகியிருந்த ஒரு தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"ஆபீஸ் அடையாள அட்டைல ஒன்னு இருக்கு. அதையே பெருசாக்கச் சொல்றேன்" என்றாள். அவளுக்கே அந்தப் படம் பிடிக்காது. அதில் அக்கா பிடிபட்ட திருடி மாதிரி முழித்துக்கொண்டிருப்பாள். "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்றேன்."

போகத் திரும்பியவள் கடைசியாக ஒரு முறை தட்டினாள். இருநூற்று நான்காவது படம் வந்தது. கார்டில் அதுதான் கடைசி.

அதில் சின்னவன் இருந்தான். சட்டத்தின் நடுவில், முகம் முழுசாக, கண் இமை முடிகூட எண்ணிவிடலாம் போலத் தெளிவாக. தலைக்கு மேல் நாலு விரல் இடம் விட்டு எடுத்திருந்தது. வலது கை படத்தை விட்டு வெளியே வருவதுபோல் முன்னால் நீண்டிருந்தது. பதறிய கண்கள், பாதி திறந்த வாய்.

ஞாயிறன்று அவன் கேமராவை மூட்டை கட்டும்போது அக்கா கேட்டாள்: "குடுடா, நானும் ஒன்னு எடுக்குறேன்." மறுக்க முடியாமல் கொடுத்தான். மணிக்கட்டு எலும்பாக இருந்த கையில் அந்தக் கனம் ஆடியது. லென்ஸ் கட்டில் சட்டத்தில் இடிக்கப் போகிறது என்று அவன் பாய்ந்தான். "பாத்துக்கா, பாத்து, திருப்பிக் குடுக்கணும்!" அந்த நேரத்தில்தான் அவள் அழுத்தியிருக்கிறாள். "தலை இருக்கா பாரு" என்றாள். "இருக்கு, இருக்கு" என்றான், பார்க்காமலே. முன் கண்ணாடியில் அவள் விரல் ரேகை பட்டிருந்தது. அதைத்தான் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா மகள் அப்போது கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகில் நின்றிருந்தாள். இப்போது அவள் திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"இது யாரு எடுத்தது?"

கேட்டது அத்தான். டீயை எடுத்துக்கொண்டு அவரே படியேறி வந்திருந்தார். டம்ளரை இஸ்திரி மேசையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார்.

"அம்மா எடுத்தாங்கப்பா" என்றாள் மகள்.

"இவளா?" கொஞ்ச நேரம் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். "மாப்ள, தலை இருக்குடா! முப்பது வருஷத்துல எனக்கு ஒரு தடவ வெச்சிருப்பாளா இந்தத் தலைய?" சிரிப்பு பாதியில் உடைந்து தோள் குலுங்கியது. மகள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "எப்படி கைய நீட்டிக்கிட்டு ஓடி வர்ற பாரு அவகிட்ட. அவ விழுந்துடுவாளோன்னு மொகத்துல எவ்ளோ பதட்டம்..."

"அத்தான், அது வந்து..."

"ஒன்னும் சொல்லாத. எனக்குப் புரியுது."

சின்னவன் வாயைத் திறந்தான். மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. லென்ஸுக்குத்தான் அத்தான் பதறினேன், அக்காவுக்கு இல்லை. அவ்வளவுதான் வாக்கியம். அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார்.

"ஆமா அத்தான்" என்றான் சின்னவன்.

மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பா, அந்த அட்டைப் படத்தோட இதையும் சேத்து அனுப்பு. பக்கத்துல வெப்போம். அவ கடைசியா பாத்தது."

அவள் இரண்டையும் அனுப்பிவிட்டு, ஆடை படிந்த டீயை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவன் போனை நிமிர்த்தினான். ஆசிரியருக்குப் பதில் எழுதினான்: "தீர்ப்பை மாற்றவும். சின்ன சென்சாருக்குப் பொருந்தாது. வீட்டு அறைகளில் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அருகில் நிற்க முடியாது." அனுப்பி முடித்ததும் இன்னும் கேவலமாக உணர்ந்தான். உண்மையைக் கேட்க வேண்டியவர் கீழே கூடத்தில் இருந்தார்.

ஒரு மணிக்குப் படங்கள் வந்துவிட்டன. மேசையில் அக்கா முழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு அவன் அவளைத் தொடப் போவது போலத்தான் இருந்தது. வந்தவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அத்தான் கதை சொன்னார். தபால் ஆபீசில் அக்காவோடு வேலை பார்த்த ஓர் அம்மா அவன் கையைப் பற்றிக்கொண்டு, "எப்பப் பாத்தாலும் என் தம்பி, என் தம்பின்னுதான் பேசுவா. குடுத்து வெச்சவ" என்று அழுதார். அவனால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. விடுபட்டதும் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டான். அதன்பின் யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டினான். ஆட்கள் சேரச் சேர ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தான்.

இரண்டு மணிக்கு வண்டி வந்து நின்றது. பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் பிடிக்க ஆள் இல்லை. அத்தான் கூட்டத்தில் தேடினார். சின்னவன் எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றிருந்தான்.

"ஏன் மாப்ள அவ்ளோ தூரத்துல நிக்கிற?" என்றார். "பக்கத்துல வா."

மேசையருகில் நின்ற அக்கா மகள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சின்னவன் பையிலிருந்து கையை எடுத்தான்.