அப்பா செருகிய வயர்

"டேய் ரொட்டி, இது கோடா? நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கு," என்று படுக்கையிலிருந்தே மகனை வாரினாள் அம்மா.

பேக்கரிக்காரனான அவன், மடிக்கணினியை வைத்துக்கொண்டு, படம் வரையும் மென்பொருளில் வீட்டு நெட்வொர்க்கை வரைந்துகொண்டிருந்தான். அம்மாவுக்கு இன்று பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருக்கும் அக்காவால் வந்து சேர முடியாது. டேப்லெட்டிலாவது அம்மாவைப் பார்க்கட்டும் என்றால், நேரம் பார்த்து நெட் படுத்துவிட்டது. போன் சிக்னலோ இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. வயரெல்லாம் இழுத்தது அம்மாதான். ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸின் கம்ப்யூட்டர்களை மேய்த்து ஓய்வு பெற்றவள்.

"மருந்துல எல்லாம் கலங்கிப்போச்சுடா. நீ ஒவ்வொரு வயரா தொட்டுப் பாத்து வரை. கண்ணால பாத்தாத்தான் எனக்குப் பிடிபடும்."

ரவுட்டருக்கு ஒரு கட்டம் போட்டான். அதிலிருந்து ஹால் அலமாரியில் இருந்த, நெட்டை வயர் வயராகப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு கோடு. அங்கிருந்து டிவிக்கு, மாடிக்கு, அம்மா அறை வைஃபைக்கு. ஒரு நீல வயர் மட்டும் பெட்டியிலிருந்து கிளம்பி, அலமாரிக்குப் பின்னால் சுற்றி, அதே பெட்டிக்குள் போய் நுழைந்தது. தான்தான் தப்பாகப் பார்க்கிறோமோ என்று கூச்சத்தோடு அதையும் வரைந்து கொண்டுபோய்க் காட்டினான்.

அம்மா உற்றுப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இந்த வேலையை யாருடா பண்ணினது?"

போர்வை மடித்துக்கொண்டிருந்த அப்பா தொண்டையைச் செருமினார். "நேத்து, பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு அலமாரியை ஒழுங்குபண்ணினேன். ஒரு வயரோட முனை அநாதையாத் தொங்குச்சு. பெட்டியில ஓட்டையும் காலியா இருந்துச்சு. செருகிட்டேன்."

"அட என் மகராசா! அந்தப் பெட்டி, தான் பேசினதைத் தானே கேட்டு, திரும்பவும் பேசி, ஓயாம கத்திக்கிட்டுக் கெடக்கு. அடுத்தவங்க பேச்சு எங்க காதுல விழும்?"

"உன்னை மாதிரின்னு சொல்லு."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படியொரு நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோமே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓடிப்போய் நீல வயரைப் பிடுங்கினான்.

கொஞ்ச நேரத்தில் டேப்லெட்டில் அக்கா வந்துவிட்டாள். "அம்மா!"

"அழுவாத. உங்கப்பா அடிச்ச கூத்தை முதல்ல கேளு."

மூச்சு வாங்க வாங்க அம்மா சொன்னாள். விட்ட இடத்தை அவன் நிரப்பினான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் தன் பரீட்சை நோட்டையும் இப்படித்தான் ஒழுங்குபண்ணி எங்கோ வைத்தார் என்றாள். அப்பா விடாமல் மறுத்தார். அம்மா திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய நெஞ்சின் மேல் போர்வை அசையவில்லை என்பதை அவன்தான் முதலில் கவனித்தான். கையைத் தொட்டுப் பார்த்தான். அப்பா பேச்சை நிறுத்தினார்.

"அம்மா தூங்கிட்டாளா?" என்றாள் அக்கா.

"போயிட்டாக்கா."

அக்கா திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். பிறகு, "கட் பண்ணிடாதீங்க," என்றாள்.

அப்பா டேப்லெட்டைக் கையில் எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா. கொஞ்சம் இந்தப் பக்கம்."

அவர் நகர்த்தினார். இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.