புல்வெட்டி இறங்குகிறதா

ஊரில் பாதிப் பேருக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்ட கண்ணாடிக்காரர், முழங்கால் உயரப் புல்லுக்குள் நின்றிருந்த தண்ணீர்க் குழாயைப் பார்க்கவில்லை. அவர் தள்ளிக்கொண்டு போன புல்வெட்டி பார்த்துவிட்டது. டமார் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி குழாய் வானத்தை நோக்கித் துப்பியது. புல்வெட்டியின் கத்தி அப்பளம் மாதிரி வளைந்துபோனது. தலைமுதல் கால்வரை நனைந்துபோன கண்ணாடிக்காரர் தனக்குத் தெரிந்த ஒரே முதலுதவியைச் செய்தார்: மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தெளிவாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

புல்வெட்டி அவருடையது அல்ல, மச்சினனுடையது. கிரேன் ஓட்டுகிறவன் அவன். நாலு மாடி உயரத்திலிருந்து இரும்புத் தூணை இறக்கி முட்டை மேல் உட்கார வைப்பான் என்று அவனைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வான். அவன் வந்து குழாயை அடைத்தான். கத்தியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, புல்லுக்கு முடி வெட்டச் சொன்னேன். பூமிக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லல."

"தெரியாம நடந்துடுச்சு மாப்ள."

"தெரியாமத்தான் எல்லாம் நடக்குது உங்களுக்கு." கத்தியைப் புல்லில் எறிந்தான். "இங்க பாருங்க. மழை வர்றதுக்குள்ள இது மனுஷங்க இருக்கிற இடமா ஆகணும். இல்லன்னா வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம். அவ்வளவுதான்."

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மூடி, தேவைக்கு மேல் சத்தமாகப் பாத்திரத்தின் மேல் விழுந்தது.

இடம் மாமனார் விட்டுப்போனது. ஒரு வீடு, ஒரு கொட்டகை, சுற்றிலும் புல் மண்டிய சரிவு, வீடுவரை வரும் கரடுமுரடான மண்பாதை. பாதி மகளுக்கு, பாதி மகனுக்கு. மகள் பிறந்து வளர்ந்த வீடு. இருபது வருஷம் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவள், இந்த வருஷம்தான் கணவரோடு இங்கே குடிவந்து மூச்சை விட்டாள். இதை விற்றால் அவள் சண்டை போடமாட்டாள், அழமாட்டாள், மறுபடி அந்த இரண்டு அறைக்குப் போய் ஒழுங்காகச் சமைத்துப் போடுவாள். அந்தச் சாப்பாட்டை நினைத்தாலே கண்ணாடிக்காரருக்குப் பசி போய்விட்டது.

ஆகவே டிராக்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. வயலை உழும் யானை இல்லை. சின்ன டீசல் டிராக்டர், பழசு. வயிற்றுக்கடியில் புல்வெட்டியை மாட்டலாம். பாதைக்கு ஜல்லி இழுக்கலாம். விழுந்த மரத்தைச் சங்கிலி போட்டு அகற்றலாம். புதுசு வாங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கடையைக் கண்ணாடியோடு விற்றாலும் நாலு சக்கரமும் ஹாரனும்தான் வரும்.

தேர்ந்தெடுக்க மச்சினன்தான் துணைக்கு வந்தான். இடத்தை விற்க நினைக்கிறவனையே கூட்டிக்கொண்டு போய் வண்டி பார்ப்பது, பூனையை நடுவராக வைத்து மீன் பங்கிடுகிற மாதிரிதான். ஆனால் கண்ணாடிக்காரருக்கு இயந்திரம் தெரிந்த உறவு வேறு யாரும் இல்லை.

முதல் வண்டியில் கிளட்ச் வழுக்கியது. சரி, அது நியாயம். இரண்டாவதில் எஞ்சின் எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. அதுவும் நியாயம், தண்ணீர் கலந்த எண்ணெய். மூன்றாவதற்கு, "இதுக்கு ஸ்பேர் கிடைக்காது மாமா, செஞ்ச கம்பெனிக்காரனே மறந்திருப்பான்" என்றான். நான்காவதற்கு ஒரு குறையும் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் சுற்றி வந்துவிட்டு, "சீட்டு தாழ்வா இருக்கு" என்றான்.

அன்று ராத்திரி கண்ணாடிக்காரர் மனைவியிடம் சொன்னார்: "உன் தம்பி வண்டி பாக்க வரல. குறை பாக்க வர்றான்."

"நீங்களாச்சு, அவனாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்தாள். நேரான பதில் என்பது அவர்கள் குடும்பத்தில் கிடையாது. கேட்பது ஒன்று, கிடைப்பது ஒன்று.

ஐந்தாவது வண்டி நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவருடையது. இந்த முறை மனைவியும் சேர்ந்து மூன்று பேரும் மச்சினனின் வேனில் போனார்கள். முந்தைய இரவே வந்துவிட்டவன் அவன், வேனிலேயே படுத்திருந்தான்.

"உள்ள வந்து படுத்திருக்கலாம்ல" என்றாள் அக்கா.

"எங்க?" என்றான் தம்பி.

 வழியெல்லாம் வேனின் கண்ணாடி மட்டும் கடகடத்தது.

பண்ணைக்காரர் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூச்செடி விற்கிறவர் முகத்தில் ஒரு மொட்டாவது இருக்கும் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்த்தார். முள்தான் இருந்தது.

"பாக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?"

"பாத்துட்டுத்தானே வாங்கணும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பாத்துட்டுப் போயிடுறாங்க."

வண்டி கொட்டகைக்குள் நின்றது. பெயின்ட் உரிந்து, ஒரு விளக்கு போய், உட்காரும் இடத்தில் சாக்குத் துணி சுற்றி, வயிற்றுக்கடியில் புல்வெட்டி மாட்டி. கண்ணாடிக்காரர் நேராகப் போய் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். பழைய டீசல் வண்டியை விற்கிறவர்கள் ஆள் வருவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூட்டில் கிழவனும் ஓடுவான், குளிரில்தான் சாயம் வெளுக்கும் என்று படித்திருந்தார்.

"என்ன, காய்ச்சலா பாக்குறீங்க?" என்றார் பண்ணைக்காரர்.

"ஜில்லுனு இருக்கு."

"செத்துப்போச்சுன்னு நினைச்சிட்டீங்களா?"

பண்ணைக்காரர் சாவியைத் திருப்பிக் கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை திருப்பினார். வண்டி இருமியது, வெள்ளையாகப் புகை விட்டது, பிறகு புகை மெலிந்து காணாமல் போனது. டுக்கு டுக்கு டுக்கு என்று ஒரே சீராக ஓடியது. மச்சினன் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் கை வைத்துப் பார்த்தான். எஞ்சின் தேய்ந்திருந்தால் அடிக்கிற மாதிரி காற்று குபுகுபுவென்று அடிக்கவில்லை. கிளட்சை மிதித்தான், விட்டான். முன்சக்கரத்தை ஆட்டினான். புல்வெட்டியைச் சுழலவிட்டுக் காது கொடுத்தான். முகம் இருண்டுகொண்டே வந்தது.

"எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற மீட்டர் நின்னுபோயிருக்கே" என்றான்.

"எங்க வீட்டுக் கடிகாரமும் நின்னுபோச்சு. வீடு நின்னுபோச்சா?"

"எவ்வளவு ஓடியிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"உங்க பல்ல எண்ணிப் பாத்தா எத்தனை வயசுன்னு தெரியுமா? அது மாதிரிதான்."

மச்சினன் பல்லைக் கடித்தான். "லிஃப்ட்ட தூக்குங்க."

அதுதான் கடைசிச் சோதனை. புல்வெட்டியை எண்ணெய் அழுத்தத்தில் ஏறும் ஹைட்ராலிக் கையால் மேலே தூக்கி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பிறகு சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளே எங்காவது கசிவு இருந்தால், தூக்கியது தானாகவே இறங்கும். இறங்காமல் நின்றால் வண்டிக்கு உடம்பில் பலம் இருக்கிறது என்று அர்த்தம். மச்சினன் ஒரு மூங்கில் குச்சியைத் தரையில் நட்டு, புல்வெட்டியின் விளிம்பு இருந்த உயரத்தில் நகத்தால் கீறினான். பண்ணைக்காரர் முனகிக்கொண்டே ஒரு பெஞ்சைக் காட்டினார். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து, மேடையில் ஏறியவர் பேசுவாரா என்று காத்திருப்பது போலப் புல்வெட்டியைப் பார்த்தார்கள்.

"இறங்குது" என்றான் மச்சினன், உட்கார்ந்த உடனேயே.

"இறங்கல" என்றார் கண்ணாடிக்காரர். "கண்ணு என் தொழில்."

"குழாய் விஷயத்துல தொழிலுக்கு லீவா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் அக்கா.

"நீ சொல்லு. இறங்குதா இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்."

பண்ணைக்காரர் தண்ணீர்க் குழாயை எடுத்து நாற்றுகளுக்கு ஊற்றத் தொடங்கினார். கொஞ்சம் இவர்கள் செருப்பிலும் ஊற்றினார். தற்செயல் என்று நம்புவதற்கு இல்லை. "இன்னும் எவ்வளவு நேரம் அத முறைப்பீங்க? அதுக்கு வெக்கம் வந்துடும்."

நேரம் போனது. கீறல் இருந்த இடத்தில் கீறல். விளிம்பு இருந்த இடத்தில் விளிம்பு. மச்சினன் எழுந்து போய் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். வண்டியை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினான். வலப்பக்கமாக இன்னொரு சுற்று. டயரை உதைத்தான், டயர் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"கலர் சரியில்ல" என்றான்.

பண்ணைக்காரர் குழாயைக் கீழே போட்டார். "பொண்ணு பாக்கவாடா வந்தீங்க?"

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதில் கோபம் முந்திவிட்டது. எழுந்து நின்றார். அவர் குரலை உயர்த்தி மனைவி கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன். சுத்தி வளைக்காம சொல்லு. நான் எந்த வண்டிய வாங்கினாலும் நீ விக்கத்தான் சொல்வியா?"

"வண்டியப் பத்திப் பேசுவோம் மாமா."

"வண்டியப் பத்தி அஞ்சு வண்டியா பேசிட்டோம். உனக்குக் காசு வேணும்னா காசுன்னு சொல்லு. என்னைப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. உங்க அக்கா ராத்திரியெல்லாம் தூங்காம கூரையப் பாத்துட்டுப் படுத்திருக்கா. நான் பக்கத்துல தூங்குற மாதிரி நடிக்கிறேன். எனக்கு நடிப்பு வரல. சொல்லு."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவன் மூங்கில் குச்சியைப் பிடுங்கினான், ஒடித்தான், இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்:

"ஆமா மாமா. எதை வாங்கினாலும் விக்கத்தான் சொல்வேன். இந்த வண்டியில ஒரு குறையும் இல்ல, நானும் தேடிப் பாத்துட்டேன். அந்த வீட்டுல எனக்குப் பாதி இருக்கு, படுக்க ஒரு மூலை இல்ல. நீங்க குடிவந்த அன்னிக்கு என் ரூமுக்குள்ள உங்க கடைப் பெட்டியெல்லாம் கூரை வரைக்கும் அடுக்குனீங்க. என் கட்டிலக் கழட்டி மழையில சாத்தி வச்சீங்க. இருக்கட்டுமா, எடுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கல, நீங்களும் கேக்கல, இவளும் கேக்கல. அந்த ரூமக் காலி பண்ணுங்க, விக்கிற பேச்சே எடுக்க மாட்டேன், நானே வந்து இந்த வண்டிக்கு எண்ணெய் மாத்துவேன். காலி பண்ணலன்னா, தங்கத்துல டிராக்டர் வாங்கினாலும் விப்பேன்."