பக்கத்தில் நின்று பார்க்கும் சனி

விழிதியூரைத் தாண்டி வயல் நடுவே இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியின் முற்றத்தில், ஒன்றாம் வகுப்புக் குட்டி மேசைகளின் மேல் இரண்டு தொலைநோக்கிகள் தயாராக நின்றன. கல்யாணசுந்தரி டீச்சர் ஒரு குழாயை விரலால் தள்ளிப் பார்த்தாள். தள்ளினால் திரும்பியது, விட்ட இடத்தில் நின்றது. அதற்காகத்தான் இந்த வகையைத் தேடிப் பிடித்திருந்தாள். மோட்டார் இல்லை, உயரமான முக்காலி இல்லை. அடியில் இருக்கும் குழிவான கண்ணாடி வெளிச்சத்தை வாரி மேலே அனுப்பும். குழாயின் வாய்க்கருகே சாய்ந்திருக்கும் சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பிள்ளைகள் குழாயின் பக்கத்தில் நின்று கண்ணை வைத்தால் போதும். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். விரல் பட்டால் குழாய் ஆடும், குழாய் ஆடினால் கோளே ஓடிப்போகும்.

பள்ளி விட்டதும் பிரதீபா டீச்சர்தான் தினமும் கூட உட்கார்ந்து திருகுகளை முடுக்கினாள். "சனிய நேருக்கு நேரா பாக்கலாமாக்கா?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது கல்யாணசுந்தரி சொன்னாள்: "இதுல நேரா பாக்கவே முடியாதுடி. திருநள்ளாத்துல சன்னதிக்கு முன்னால ஒதுங்கி நிப்போம்ல, அது மாதிரி பக்கத்துல நின்னுதான் பாக்கணும்." பிரதீபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பொங்கல் கழிந்த வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மேற்கே சனி. இந்த வருடம் வளையம் விளிம்பை நம் பக்கம் காட்டுவதால் நூல் மாதிரி மெல்லிசு. பிள்ளைகளுக்கு அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் இருட்டியும் ஒரு பிள்ளையைக் காணோம்.

வாசலில் வந்து நின்றது அஞ்சுகம், நாலாம் வகுப்புச் சிறுமி தமிழ்மொழியின் அம்மா.

"மேகமா இருக்கு, யாரும் வர வேணாம்னு நீங்க சொன்னதா குரூப்புல போட்டிருந்திச்சு. இப்ப நீங்க மட்டும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே டீச்சர்."

"நான் சொன்னேனா? யாரு போட்டது?"

"பிரதீபா டீச்சர்தான். எம்பொண்ணு ஒரே அழுகை."

கல்யாணசுந்தரி பையிலிருந்து போனை எடுத்துப் பிரதீபாவைக் கூப்பிட்டாள். அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானும் சேர்ந்து அழுந்தியது.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றது பிரதீபாவின் குரல். "எம்புள்ள அஷ்வினுக்கு மேஷ ராசி. வர்ற பெயர்ச்சியில ஏழரை ஆரம்பிக்கிது. இந்த நேரத்துல போய் சனியப் பாக்க விடவான்னு வீட்டுல ஒரே சண்ட."

"அவன மட்டும் நிறுத்தியிருக்கலாம்ல?"

"டீச்சர் புள்ளயே வரலன்னா ஊரு கேக்கும்கா. யாருமே வரலன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

"அதுக்கு எம்பேர ஏன் போட்ட?"

"நீங்க சொன்னாத்தானே நம்புவாங்க."

அஞ்சுகம் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "எங்க தமிழும் மேஷம்தான் டீச்சர். பாத்தா ஏதும் ஆவுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. அங்கேருந்து வர்ற வெளிச்சந்தான் கண்ணுல விழுது, அதுவும் கெளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்..."

"டீச்சருங்க நீங்களே ஆளுக்கொண்ணு சொல்றீங்க." அஞ்சுகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாங்க எத நம்புறது?" பதிலுக்கு நிற்காமல் தெருவில் இறங்கினாள்.

இணைப்பு இன்னும் அறுபடவில்லை. "அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"டெலஸ்கோப் வைக்கிற பீரோ சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்ல பிரதீபா டீச்சர்," என்றாள் கல்யாணசுந்தரி. "திங்கக்கெழம கொண்டாந்து குடுத்துடுங்க."